அந்தியில் தடுமாறுகிற குடும்பம்

டிப்போவில் அவனுக்குப் பகலவன் என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, கூட வேலை பார்க்கும் ஓட்டுநர்கள் வைத்தது. பதினெட்டு வருஷமாகப் பேருந்து ஓட்டுகிறான். அதில் கடைசி ஆறு வருஷம் பகல் ஷிஃப்டைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. மாலை ஷிஃப்ட் விழுந்தால் யாரிடமாவது கெஞ்சிக் கூத்தாடி மாற்றிக்கொள்வான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பான், மகளுக்குப் பரீட்சை என்பான், வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது என்பான். "உங்க வீட்டுக் குழாய் நம்ம ரோட்டைவிட மோசம்ப்பா, மாசம் தவறாம உடையுது" என்று டைம் கீப்பர் சொல்வார். சூரியன் இருக்கும் வரைக்கும்தான் இவனும் இருப்பான் என்று ஒருத்தர் சொல்லப்போக, அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது.

உண்மைக் காரணத்தை அவன் யாரிடமும் சொன்னதில்லை. தனக்கே கூடச் சரியாகச் சொல்லிக்கொண்டதில்லை. இருட்டத் தொடங்கினால் சாலையின் இரண்டு ஓரமும் கரைந்து போகும். எதிரே வரும் விளக்கு தெரியும், விளக்குக்குப் பின்னால் இருக்கும் வண்டி தெரியாது. நாற்பதைத் தாண்டினால் கண் கொஞ்சம் முன்னே பின்னேதான் இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டான். வருஷா வருஷம் நடக்கும் கண் பரிசோதனையில், வெளிச்சம் கொட்டுகிற அறையில், பலகை எழுத்தைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று வாசித்துவிடுவான். "கழுகுக் கண்ணுய்யா உனக்கு" என்று முத்திரை குத்தி அனுப்புவார்கள்.

மழை மூட்டமான ஒரு நாள் வழியில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்ததால் அவனுடைய பகல் வண்டி டிப்போவுக்குத் திரும்ப ஆறே முக்கால் ஆகிவிட்டது. வண்டி கழுவும் இடத்துப் பக்கம் திருப்பினான். அங்கே பத்து வருஷமாக நிற்கும் தூண், அவன் கண்ணுக்கு அன்றைக்கு நிற்கவில்லை. பக்கவாட்டுக் கண்ணாடி பறந்தது, முன்கதவு நசுங்கியது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

டிப்போ மேலாளர் ஓடிவந்தார். அடிபட்டதா என்று கேட்கவில்லை. முகத்தருகே குனிந்து மூக்கை உறிஞ்சினார்.

"குடிச்சிருக்கியா?"

ஊதச் சொன்னார்கள். ஊதினான். கருவி சைபர் காட்டியது. நம்பாமல் இன்னொரு கருவி கொண்டுவந்தார்கள், அதுவும் சைபர். அப்புறம்தான் கண் மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள்.

தூணில் இடித்ததைக் கூட அவன் மறந்துவிடுவான். அந்த மோப்பம் பிடித்ததுதான் நெஞ்சில் தைத்தது. அவன் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. அதற்குக் காரணம் கொள்கை இல்லை, சித்தப்பா.

அப்பாவின் தம்பியான சித்தப்பாவுக்கு ஒரு கதை உண்டு. குடும்பத்தில் நாலு பேர் கூடினால் அவர் அந்தக் கதையை எடுத்துவிடாமல் விடமாட்டார். பகலவனின் அப்பா அம்மா கல்யாணம் ஒரு சாயங்காலம் ஒரு மண்டபத்தில் நடந்தது. பெண்ணுக்குத் தாய் தகப்பன் இல்லை, அண்ணன்தான் எல்லாம். அந்த அண்ணன் விருந்தாளிகளுக்குக் கண்ணாடித் தம்ளர்களைத் தட்டில் வைத்து ஏந்திக்கொண்டு வந்தவன், பரிசுப் பொருள்கள் அடுக்கியிருந்த மேசைமேல் நேராகப் போய் விழுந்தான். மேசை, தம்ளர், பரிசு, ஆள் எல்லாம் ஒரே குவியல். "சீர் வரும் வரும்னு பார்த்தோம், சீரோட சேர்ந்து மச்சானும் உருண்டு வந்தாரு!" என்று சித்தப்பா முடிப்பார். எல்லாரும் சிரிப்பார்கள். "அந்தக் குடும்பமே அப்படித்தான். பொழுது சாய்ஞ்சா போதும், ஒருத்தன் நேரா நிக்க மாட்டான். குடிகார வம்சம்."

அம்மா அந்த நேரத்தில் அடுப்படிக்குப் போய்விடுவாள். கல்யாணத்தன்றைக்கு அவள் அண்ணனிடம், "இனி என் வாசப்படி மிதிக்காத" என்று சொன்னாளாம். அண்ணன் மிதிக்கவில்லை. நாற்பத்தேழு வருஷம் ஆயிற்று. பகலவனுக்கு ஒரு தாய்மாமா உண்டு என்பதே சித்தப்பாவின் நகைச்சுவை வழியாகத் தெரிந்ததுதான். தன் ரத்தத்திலும் பாதி அந்த வம்சம் என்ற பயத்தில்தான் அவன் மதுக் கடை இருக்கும் தெருவில் கூட நடந்ததில்லை.

கண் மருத்துவர் முப்பது வயசு இருக்கக்கூடிய பெண். அறையை இருட்டாக்கி, கண்ணுக்குள் ஏதேதோ வெளிச்சம் அடித்து, அரை நாள் பார்த்தார். பிறகு விளக்கைப் போட்டுவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"விழித்திரை ஓரத்துல இருந்து தேஞ்சுக்கிட்டு வருது. சின்ன வயசுலேயே ஆரம்பிச்சிருக்கும், உங்களுக்கு மெதுவா வந்திருக்கு. இனிமே வண்டி ஓட்டக்கூடாது. பகல்லயும் கூடாது."

"மருந்து?"

"இப்போதைக்கு இல்ல. ஆனா ரொம்ப வருஷம் படிக்கலாம், எழுதலாம், பகல்ல நடமாடலாம். எந்த வகைன்னு தெரிஞ்சா இன்னும் தெளிவாச் சொல்வேன்." ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "உங்க குடும்பத்தை வரைங்க. ஆம்பளைன்னா சதுரம், பொம்பளைன்னா வட்டம். யாருக்கு ராத்திரியில பார்வை குறைவோ அந்தக் கட்டத்தைக் கறுப்பா அடிச்சிடுங்க."

அப்பா பக்கம் சுலபமாக இருந்தது. சித்தப்பா ஐந்து தலைமுறைக்கு வம்சாவளி புத்தகமே அச்சடித்து வைத்திருக்கிறார். மேலிருந்து கீழ்வரை சதுரம் சதுரமாக ஆண்கள். அவர்களைக் கட்டியவர்களுக்கெல்லாம் 'மனைவி' என்று ஒரே பேர். பகலவன் வரைந்து முடித்து நிமிர்ந்தான். தாளின் ஒரு பாதி செங்கல் சுவர் மாதிரி நிறைந்திருந்தது. மறு பாதியில் அம்மா என்று ஒரே ஒரு வட்டம்.

"அழகா இருக்கு சார்" என்றார் மருத்துவர். "ஆனா எனக்கு வேண்டியது இந்தப் பக்கம்." வெற்றுப் பாதியைத் தொட்டுக் காட்டினார். "இதுல ஒரு வகை அம்மா வழியாதான் வரும். பொம்பளைங்ககிட்ட அது பெரும்பாலும் தொந்தரவு பண்ணாம ஒளிஞ்சிருக்கும். அவங்க பெத்த ஆம்பளைப் பிள்ளைங்ககிட்ட வெளிய வரும். உங்களுக்கு அதுதான்னு என் சந்தேகம்."

"எனக்கு ஒரே மகள். கல்யாணம் ஆகி ஒரு வருஷம் ஆகுது."

"அந்த வகையா இருந்தா, மகள்கிட்ட கண்டிப்பா இருக்கும். அவங்களுக்குப் பையன் பொறந்தா, அவனுக்கு வர்றதும் வராததும் பாதிக்குப் பாதி."

அன்று மத்தியானம் அம்மாவிடம் கேட்டான். அம்மாவுக்கு எழுபது வயசு. அவனோடுதான் இருக்கிறாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

"எனக்கு யாரும் கிடையாது."

"உங்க அம்மா, அப்பா, தாத்தா பேராவது சொல்லும்மா."

"செத்தவங்க பேரை வெச்சு உன் கண்ணு தெரியப்போகுதா?"

"டாக்டர் கேக்கறாங்க."

"டாக்டர்கிட்ட சொல்லு, எங்க அம்மா தானா முளைச்சவன்னு."

அவன் மனைவி சைகை காட்டினாள், விட்டுவிடு என்று. அப்புறம் தனியாகச் சொன்னாள்: "அத்தை வாயைத் திறக்கறதுக்குள்ள நீங்க ஊர்ல இருக்கற எல்லாப் பதிவேட்டையும் படிச்சு முடிச்சிடலாம்."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் பகலவனுக்கு மருத்துவ விடுப்பில் மூன்று மாசம் இருந்தது. பதினெட்டு வருஷம் ஓடிக்கொண்டே இருந்த காலுக்கும் கைக்கும் வேலையில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆவணக் காப்பகத்தின் வாசலில் போய் நின்றான்.

அது தரைத் தளத்தில் இருந்த நீளமான அறை. இரும்பு அலமாரிகள், ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள். அறையைக் கவனித்துக்கொண்ட பதிவேட்டுக்கார அம்மாள் மூக்கின்மேல் துணி கட்டியிருந்தார். இருபத்திரண்டு வருஷமாகத் தூசியோடு வேலை, தூசியோ அவருக்கு ஆகாது. ஒரு வாக்கியம் பேசினால் இரண்டு தும்மல்.

அம்மாவின் பிறப்புச் சான்றிதழ் பீரோவில் இருந்தது. அதில் அவள் தாய் தகப்பன் பேரும் தெருவும் இருந்தன. அதை வைத்து ஒரு வாரம் புரட்டியும் அதற்கு மேல் ஓர் அடி ஏற முடியவில்லை. அம்மாவைப் பெற்றவள் கல்யாணத்துக்குப் பிறகு எல்லாக் காகிதத்திலும் 'இன்னாரின் மனைவி' ஆகிவிட்டாள். அதற்கு முன்னால் யார் மகள் என்று எங்கும் இல்லை. வரி ரசீது, வீட்டுப் பதிவு, வாக்காளர் பட்டியல், எதைத் தொட்டாலும் கணவன் பேரில் போய் முட்டிக்கொண்டது.

எட்டாம் நாள் பதிவேட்டுக்கார அம்மாளுக்கே பொறுக்கவில்லை.

"புருஷன் வழியா போனா பொம்பளைங்க கிடைக்க மாட்டாங்க சார்." தும்மினார். "கல்யாணப் பதிவுல சாட்சிக் கையெழுத்தைப் பாருங்க. அங்கதான் கூடப் பொறந்தவங்க மாட்டுவாங்க. என் அனுபவத்துல, குடும்பத்தைக் கண்டுபிடிக்கணும்னா கல்யாணத்துல யார் கையெழுத்துப் போட்டாங்கன்னு பார்க்கணும்."

கல்யாணப் பதிவுகள் தனி அலமாரியில், வருஷவாரியாக இருந்தன. வருஷம் தெரியாததால் ஐந்து பாகம் பார்க்க வேண்டியிருந்தது. ஜன்னல் பக்கம் மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டு பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தான். ஓரம் தெரியாவிட்டாலும் நடுவில் இருப்பதை அவன் கண் துல்லியமாகப் பார்க்கும். நாலாவது நாள் கிடைத்தாள், அம்மாவைப் பெற்றவள், பத்தொன்பது வயசு மணப்பெண்ணாக. தந்தை பேர் இருந்தது. தந்தையின் தொழில்: 'ரயில்வே, விளக்கேற்றுபவர்'. அதற்குப் பின்னால் சின்னதாக அடைப்புக்குள் 'முன்னாள்'. சாட்சியாகப் பெண்ணின் அக்காளும் அக்காள் புருஷனும் கையெழுத்திட்டிருந்தார்கள்.

இனி நூல் பிடித்துப் போக முடிந்தது. அக்காள் என்றால் அம்மாவுக்குப் பெரியம்மா. அவள் புருஷன் பேரை வைத்து இறப்புப் பதிவேட்டைத் தேடியபோது அவர்களுடைய மகன் அகப்பட்டான். வயசு இருபத்து மூன்று. துறைமுகப் படிக்கட்டில் விழுந்து தலையில் அடி. நேரம் மாலை ஏழு. குறிப்பு என்ற பத்தியில் ஒரே சொல்: 'மது'.

பகலவன் அந்த வரியை நகலெடுத்துக்கொண்டான். சித்தப்பா சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று மனசு சோர்ந்தது. நம் வம்சத்துக்குச் சாட்சி அரசாங்கப் பதிவேட்டிலேயே இருக்கிறதே என்று அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விட்டுவிடலாம் என்று கூட நினைத்தான். ஆனால் அந்த 'முன்னாள்' என்ற சொல் நெருஞ்சிமுள் மாதிரி உள்ளங்காலில் இருந்தது. ரயில்வே வேலையை யாராவது சும்மா விடுவார்களா?

ரயில்வேயின் பழைய கட்டுகளும் அதே அறைக்குத்தான் வந்து சேர்ந்திருந்தன. பதிவேட்டுக்கார அம்மாள் ஏணி போட்டு ஏறி, தும்மிக்கொண்டே ஒரு கட்டை இறக்கினார். வேலை நீக்கக் கோப்புகள். விளக்கேற்றுபவரான அவன் கொள்ளுத்தாத்தாவின் கோப்பு மெலிசாக இருந்தது. குற்றப்பத்திரம் ஒரு பக்கம்: வேலை நேரத்தில் குடிபோதையில் இருந்தமை, ஏணியிலிருந்து இரு தடவை விழுந்தமை, நின்றுகொண்டிருந்த சரக்கு வண்டியில் மோதி விளக்கை உடைத்தமை. அதன் பின்னால் மனு எழுதிக் கொடுப்பவர் கையெழுத்தில், முத்து முத்தாக ஒரு விண்ணப்பம்.

'மேலதிகாரி அவர்களுக்கு, விளக்கேற்றும் வேலையிலிருந்து நீக்கப்பட்டவன் பணிவோடு எழுதிக்கொள்வது. பதினாலு வருஷம் வேலை பார்த்தேன். ஏணியிலிருந்து விழுந்தது உண்மை. சரக்கு வண்டியில் மோதியது உண்மை. குடித்திருந்தேன் என்பது உண்மை அல்ல. ஆயுசில் நான் அதைத் தொட்டதில்லை. பகலில் எறும்பு ஊர்வது எனக்குத் தெரியும். பொழுது சாய்ந்தால் என் கை எனக்குத் தெரிவதில்லை. நான் ஏற்றும் விளக்கு தெரிகிறது, அதைச் சுற்றி இருப்பது தெரிவதில்லை. பகல் வேலை எதைக் கொடுத்தாலும் செய்வேன். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.'

கீழே ஒரு கட்டைவிரல் ரேகை. ஓரத்தில் சிவப்பு மையில் ரயில்வே மருத்துவரின் குறிப்பு: 'காலை பத்து மணிக்குக் கண்களைப் பரிசோதித்தேன். குறை ஏதும் இல்லை.' அதற்கும் கீழே வேறொரு கை: 'குடிகாரனின் சாக்கு. நிராகரிக்கவும்.'

பகலவன் இரண்டாம் தடவை படிக்கும்போது 'பகல் வேலை' என்ற இடத்தில் நின்றுவிட்டான். அந்த இரண்டு சொல்லை அவனே ஆறு வருஷமாக எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறான். அவனுக்காவது ஊதிக் காட்ட ஒரு கருவி இருந்தது. இந்த மனுஷனுக்கு வாய்ச் சொல்லைத் தவிர ஒன்றும் இருக்கவில்லை.

பதிவேட்டுக்கார அம்மாள் அவன் தோளுக்குப் பின்னால் நின்று படித்திருந்தார். மூக்குத் துணியைக் கீழே இறக்கினார்.

"ராத்திரியில தெரியலன்னு சொல்ற ஆளைக் காலையில பத்து மணிக்குப் பரிசோதிச்சிருக்கான் பாருங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு அவர் தும்மவில்லை.

படிக்கட்டில் விழுந்த இருபத்து மூன்று வயசுக்காரனின் நகலைப் பகலவன் மறுபடி எடுத்துப் பார்த்தான். மாலை ஏழு மணி. தாளை விரித்து, அம்மாவின் வட்டத்துக்கு மேலே அவளைப் பெற்றவளுக்கு ஒரு வட்டம், பக்கத்தில் அக்காளுக்கு ஒரு வட்டம், இரண்டுக்கும் மேலே கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு சதுரம், அக்காள் மகனுக்கு ஒரு சதுரம் போட்டான். இரண்டு சதுரத்தையும் கறுப்பாக அடித்தான். அம்மாவின் பக்கத்தில் தாய்மாமாவுக்கு இன்னொரு சதுரம் போட்டு, அதைக் காலியாக விட்டான்.

அம்மாவின் கல்யாணப் பதிவில் தாய்மாமா சாட்சி போட்டிருந்தார். கையெழுத்து கட்டத்துக்கு வெளியே இறங்கி, அடுத்தவர் பேர்மேல் ஏறியிருந்தது. தொழில்: பூட்டு, சாவி. பகலவன் இரும்புச் சாமான் கடைகள் இருக்கும் தெருவுக்குப் போய்ப் பூட்டுக் கடை கடையாக விசாரித்தான். மூன்றாவது கடைக்காரர் பேரைக் கேட்டதும் சிரித்தார்.

"பூட்டு மாமாவா? அவருக்குக் கண்ணு தெரியாம போயி இருபது வருஷம் ஆச்சு, மகள் வீட்டோட இருக்காரு. ஆனா எங்களால திறக்க முடியாத பூட்டெல்லாம் இன்னும் அவர் வீட்டுக்குத்தான் போகுது."

தரைத் தளத்தில் இரண்டு அறை வீடு. மாமாவின் மகள் வேலைக்குப் போயிருந்தாள். மாமா கதவைத் தாமே திறந்தார். எழுபத்து நாலு வயசு, ஒடிசலான உடம்பு, அம்மாவின் அதே நீள மூக்கு.

"யாரு?"

"நான்... உங்க தங்கச்சி மகன்."

அவர் கதவை விடவில்லை. "அவ அனுப்பினாளா?"

"இல்ல. அம்மாவுக்குத் தெரியாது."

"அப்ப திருட்டுத்தனமா வந்திருக்க. பூட்டுக்காரன் வீட்டுக்கே திருட்டுத்தனமா வர்றதுன்னா தைரியசாலிதான். உள்ள வா. வலது பக்கம் நாற்காலி."

பகலவன் உட்கார்ந்து தன் கண்ணைப் பற்றிச் சொன்னான். தூணைப் பற்றிச் சொன்னான். பிறகு விண்ணப்பத்தின் நகலை எடுத்து வாசித்தான். ஓரக் குறிப்புகளையும் விடாமல் வாசித்தான். மாமா மடியில் ஒரு பித்தளைப் பூட்டு இருந்தது. அவர் விரல்கள் அதன்மேல் அசையாமல் கிடந்தன.

"இன்னொரு தடவை படி."

படித்தான்.

"எங்க தாத்தாவை எனக்குத் தெரியாது" என்றார். "குடிச்சே வேலையைத் தொலைச்சவர்னு எங்க அம்மா சொல்லுவா. அவளே நம்பினா." பிறகு, "உங்க அம்மா கல்யாணத்துல நான் குடிச்சிருந்தேன்னுதானே சொன்னாங்க?"

"ஆமா."

"அன்னைக்குக் குடிக்கல. அந்த மண்டபத்துல வெளிச்சம் நடுவுலதான் இருந்தது, ஓரமெல்லாம் இருட்டு." அவர் பூட்டைக் கீழே வைத்தார். "ஆனா அதுக்கப்புறம் குடிச்சேன். பதினோரு வருஷம். எப்படியும் பேர் வந்தாச்சு, சும்மா எதுக்குச் சுமக்கணும்னு தோணிச்சு. என் பொண்டாட்டி போற வரைக்கும் குடிச்சேன். இதையும் உன் காகிதத்துல எழுதிக்க. பாதி உண்மையை எழுதக் கூடாது."

பகலவன் எழுதிக்கொள்ளவில்லை. அவன் வாங்கி வந்திருந்த பழங்களை எடுத்துக் கொடுக்கக்கூட மறந்து, கிளம்பும்போதுதான் மேசைமேல் வைத்தான்.

மறுநாள் காலை அம்மாவை உட்கார வைத்தான். மாமாவைப் பார்த்ததைச் சொன்னதும் அவள் எழுந்தாள். "கதை கட்டாத" என்றாள். அவன் அவளுக்குப் பின்னாலேயே அடுப்படிக்குப் போய், நின்றபடியே விண்ணப்பத்தை வாசித்தான். அவள் அடுப்பை அணைத்தாள். துறைமுகப் படிக்கட்டில் விழுந்த பையனைப் பற்றிச் சொன்னான்.

"பெரியம்மா மகன்" என்றாள் அம்மா. நாற்பத்தாறு வருஷத்தில் அவன் கேட்க அவள் சொன்ன முதல் உறவு. "எனக்கு அப்ப அஞ்சு வயசு. பெரியம்மா அழவே இல்ல, வெட்கப்பட்டா. செத்ததுக்கு வெட்கப்பட்டா."

பிறகு கீழே உட்கார்ந்துவிட்டாள். 

"நாங்க ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம்" என்றாள். "சாயங்காலம் வர நேரமாயிடும். வழி பூரா அண்ணன் என் கையை விடவே மாட்டான். கூடப் படிக்கறவளுங்க, உங்கண்ணனுக்கு உன்மேல எவ்வளவு பாசம்னு சொல்லுவாளுங்க. எனக்கும் பெருமை. என்னைப் பத்திரமா கூட்டிட்டுப் போறான்னு நெனச்சேன்." அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "நான்தானேடா அவனைக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

 பகலவனின் மனைவி வந்து மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தாள். அரை மணி கழித்து அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "எந்தப் பஸ்ஸு போகும் அந்தப் பக்கம்? உனக்குத்தான் தெரியுமே" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனார்கள். மாமாவின் மகள் கதவைத் திறந்தாள். அத்தையை அவள் பார்த்ததே இல்லை. ஆனாலும் மூக்கைப் பார்த்ததும் ஒதுங்கி வழி விட்டாள். அம்மா நடுவீட்டில் நின்றாள். வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தவள், எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சண்டைக்குப் போனாள்.

"ஏண்ணே சொல்லல? கண்ணு தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்ன?"

மாமா குரல் வந்த பக்கம் திரும்பினார். "என்னன்னு சொல்றது? எல்லாருக்கும் ராத்திரின்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். நீங்கல்லாம் சாமர்த்தியமா நடக்கறீங்க, நான்தான் தத்தின்னு நெனச்சேன். முப்பத்தஞ்சு வயசுல பகல்லயும் மங்க ஆரம்பிச்சப்புறம்தான் எனக்கே தெரியும்."

"அப்பவாவது சொல்லியிருக்கலாம்."

"அப்ப குடிச்சுக்கிட்டு இருந்தேன். வாசப்படி மிதிக்காதன்னு வேற நீ சொல்லியிருந்த."

"சொன்னா? நான் ஆயிரம் சொல்லுவேன். நீதான் என் பேச்சை என்னைக்குமே கேட்டதில்லையே, அதை மட்டும் எதுக்குக் கேட்ட?"

மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "தப்பு பண்ணிட்டேண்ணே" என்று மட்டும் சொன்னாள்.  மாமா அதை மறுக்கவில்லை.  அப்புறம் அவர், உனக்கு இன்னும் முட்டி வலி இருக்கா என்று கேட்டார். அது எனக்கில்லை, அம்மாவுக்கு என்றாள் அவள். பேச்சு மெல்ல அங்கிருந்து நகர்ந்தது.

காரியங்கள் பிறகு இப்படி நடந்தன. மாமாவின் ரத்தம், பகலவனின் ரத்தம், அம்மாவின் ரத்தம் மூன்றையும் எடுத்துப் பரிசோதித்தார்கள். ஏழு வாரம் கழித்து மருத்துவர் தன் சந்தேகம் சரிதான் என்றார். பகலவனின் மகளிடமும் அது இருந்தது. மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், அச்சடித்த தாளை நிதானமாக இரண்டு தடவை படித்தாள். "சரிப்பா, இதோட பேர் தெரிஞ்சாச்சு. எங்களுக்குப் பையன் பொறந்து, அவன் இருட்டுல விழுந்தான்னா யாரும் திட்ட மாட்டோம்" என்றாள். அவள் புருஷன் அன்றைக்கே வீட்டு நடையில் இரண்டு விளக்கு அதிகமாகப் போட்டான். இன்னும் குழந்தையே உண்டாகவில்லை.

டிப்போவில் அவனை நேர அட்டவணை போடும் அறைக்கு மாற்றினார்கள். வண்டி ஓட்டும் வேலை போனது அவனுக்கு லேசான விஷயமில்லை. முதல் மாசம் ஸ்டியரிங்கைத் தேடி அவன் கைகள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தன. இப்போது பழகிவிட்டது. மேலாளர் ஒரு நாள் அறைக்கு வந்து, "அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார். "கேட்டதோட நிக்காம ஊதச் சொன்னீங்களே, அது போதும்" என்றான் பகலவன். மேலாளருக்கு அது புரியவில்லை.

சித்தப்பாவிடமும் போனான். விண்ணப்பத்தைப் படித்த சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் அகராதியில் இல்லை. ஆனால் அடுத்த தடவை நாலு பேர் கூடியபோது, ஒருத்தர், "அந்த மேசைக் கதையைச் சொல்லுங்களேன்" என்று ஆரம்பிக்க, "அதுல ஒண்ணும் சிரிப்பு இல்லப்பா" என்று எழுந்து போய்விட்டார்.

அம்மாதான் ஆளே மாறிவிட்டாள். மடை திறந்த மாதிரி. காலையில் மாமாவோடு போனில் சண்டை போட்டு ஞாபகங்களைச் சரிபார்த்துக்கொள்வாள். பகலவன் வேலை முடிந்து வந்ததும் அவனை நோட்டோடு உட்கார வைப்பாள். தாளின் மறு பாதி நிறைந்து, அதனோடு இன்னொரு தாள் ஒட்ட வேண்டியதாயிற்று. இன்னாருக்கு இன்னார் மகள், அவளைக் கட்டியவன் இன்ன வேலை, அவள் பிள்ளை எங்கே இடறினான், எங்கே விழுந்தான் என்று அம்மா சொல்லச் சொல்ல, அவன் வட்டமும் சதுரமுமாகப் போட்டுக்கொண்டே போனான். சில சதுரங்கள் கறுப்பு, சிலது வெள்ளை, பலதில் கேள்விக்குறி.

"உன் கொள்ளுத்தாத்தாவோட அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தாராம்" என்றாள் ஒரு சாயங்காலம். "குதிரை வண்டி ஓட்டினவரு. அண்ணன்தான் ஞாபகப்படுத்தினான்."

பகலவன் சதுரம் போட்டு, பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டான்.

"அவர் எங்க விழுந்தாரு?"

"எங்கயும் விழல. எண்பது வயசுல, படுக்கையில, தூக்கத்துல போனாரு" என்றாள் அம்மா. "எல்லாரும் விழுந்தே சாவாங்களாடா? சும்மா எழுது."